வாக்கியமும் திருக்கணிதமும்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. முழுச் சந்திரகிரகணம் எமது நாட்டிலும் தெரியும் என அறிவிக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் தம்பி வீட்டு மொட்டை மாடியில் நானும் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பெறாமகனும் அமர்ந்திருந்தோம். முகில்கள் வருவதும் விலகுவதுமாக இருந்தன. பையன் வானத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, 9.57க்குத் தொடங்கும். இன்னும் நாலு நிமிஷம் கிடக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஃபோனிலை கிடக்கு."

"ஃபோனுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் என்னை ஒரு விதமாகப் பார்த்தான். "அதுக்குத் தெரியும் பெரியப்பா" என்றான்.

அந்தப் பதில் அவனுடைய தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. "பஞ்சாங்கத்தில் போட்டிருக்கு" என்று எங்கள் பாட்டனார்கள் சொன்னார்கள். "ரியூசன் நோட்ஸில் இருக்கு" என்று நாங்கள் சொன்னோம். இவர்கள் தொலைபேசியைச் சொல்கிறார்கள். மாணவர்களுக்குச் சுயமாக ஆராய்ந்து சிந்திக்கக் கற்பிக்கவேண்டும் என்று இந்நாட்களில் கல்வி பற்றிப் பேசுவோர் அனைவரும் கூறுகின்றனர். இது கணினியோடு வந்த புதிய பிரச்சினை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. ஆனால் அதே பிரச்சினை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு கிரகணத்தின் வடிவில், எங்கள் மண்ணில் பேசப்பட்டிருக்கின்றது. அன்றிரவு பையனுக்குச் சொன்ன அந்தக் கதையையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் புதுச்சேரிக்குச் செல்லவேண்டும். சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பில் சில காலம் இருந்த ஜோன் வாரன் என்பவர், தென்னிந்தியர்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து 'கால சங்கலிதா' என்ற பெரிய நூலை 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதரிடம் காகிதமோ எழுதுகோலோ ஏடோ இருக்கவில்லை. தரையில் சோழிகளை வரிசை வரிசையாக வைத்தும் நகர்த்தியும் அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திரகிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். வேண்டிய அட்டவணைகள் அனைத்தும் அவரது நினைவில் இருந்தன.

அத்தனை இலக்கங்களை ஒருவர் எவ்வாறு நினைவில் வைத்திருக்க முடியும்? அதற்கு எங்கள் முன்னோர் கண்ட வழிதான் வாக்கியம். கடபயாதி என்ற முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. இலக்கங்களை எழுத்துக்களாக மாற்றி, எழுத்துக்களைச் சொற்களாக்கி, சொற்களைச் சிறு வாக்கியங்களாக மனனம் செய்தார்கள். சந்திரன் பூமியை அண்மித்து, விலகி, மீண்டும் அண்மிக்கச் சுமார் 27.55 நாட்கள் எடுக்கும். அவ்வாறான 9 சுற்றுக்கள் ஏறக்குறைய 248 நாட்களுக்குச் சமமாகும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனனம் செய்தவரின் தலைக்குள் சந்திரனின் பாதை முழுவதும் அடங்கிவிடும். வரருசியின் பெயரால் வழங்கும் வாக்கியங்கள் இவையே. எமது வீடுகளில் தொங்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் பெயர் இந்த மரபிலிருந்து வந்தது. இலக்கங்களைக் குறியீடுகளாக்கிச் சேமித்து, வேண்டியபோது எடுத்துக் கணிப்பதுதான் கணினியின் தொழில் என்றால், அந்தத் தொழிலை எங்கள் கணிதர்கள் சோழிகளோடு செய்திருக்கிறார்கள்.

அந்தக் கணிப்பின் விளைவு என்ன? அறிவியல் வரலாற்றாசிரியர் ஒட்டோ நொய்கபவர் பின்னாளில் இதனை ஆராய்ந்து கூறியுள்ளார். 1952இல் இது பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தமிழ் வானியல்' என்று தொடங்குகின்றது. கிரகணத்தின் தொடக்கத்தில் அக்கணிதருக்கு ஏற்பட்ட பிழை 4 நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். எழுதுகோல் எடுக்காத ஒருவரின் கணிப்பு இது. இந்த மரபின் வேர் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடுகள் வரை செல்கின்றது என்பதே நொய்கபவரை வியப்பில் ஆழ்த்தியது.

ஆனால் வாரன் இன்னொன்றையும் கவனித்திருந்தார். தாம் கணிக்கும் முறையின் பின்னால் உள்ள கோட்பாடு அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரிடம் இருந்தது அபாரமான நினைவாற்றலும், படிமுறைகளைப் பிசகாமல் செய்யும் ஒழுங்குமே. தொடக்கத்தில் 4 நிமிடமாக இருந்த பிழை முடிவில் 52 நிமிடமாக ஏன் வளர்ந்தது என்று கேட்டால் அவரால் விடை கூறியிருக்க முடியாது. கற்றதைச் செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது. கற்றது எந்த இடத்தில் பிழைக்கின்றது என்று தேடுவதற்கான வழியை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை.

இனி வட்டுக்கோட்டைக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கு ஒரு செமினரியை நிறுவினர். அதன் முதல் அதிபர் டானியல் பூர். ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றோடு கணிதமும் வானியலும் அங்கு கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் அராலி விசுவநாத சாஸ்திரியார் யாழ்ப்பாணம் முழுவதும் மதிக்கப்பட்ட பஞ்சாங்கக் கணிதராக விளங்கினார். 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழவிருந்த சந்திரகிரகணத்தின் நேரத்தையும் அளவையும் அவர் தமது பஞ்சாங்கத்தில் குறித்திருந்தார். பூர் அதனைப் பரிசோதித்து, தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், மறைபடும் பகுதியின் அளவு ஆகிய மூன்றிலும் பிழை இருப்பதாக முன்கூட்டியே கூறினார். செய்தி ஊரெங்கும் பரவியது. கிரகண இரவில் மக்கள் கூடி வானத்தைப் பார்த்தனர். சந்திரன் பூரின் கணக்கின்படியே மறைந்தது.

இச்சம்பவத்தை மேலைநாட்டு அறிவு கீழைத்தேய அறியாமையை வென்ற கதையாகச் சொல்வோர் உளர். பூரும் அதனை அவ்வாறே பயன்படுத்த விரும்பினார். புராணம் கூறும் உலக அமைப்பு பிழையெனக் காட்டினால் சைவ சமயத்தின் மீதான நம்பிக்கையும் தளரும் என்பது அவரது கணிப்பு. ஆனால் நேர்மையாகப் பார்த்தால் இக்கதை அவ்வளவு எளிமையானதன்று. கிரகணம் நிழலினால் ஏற்படுவது என்பதை 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபட்டர் எழுதிவைத்துவிட்டார். பூமி உருண்டை என்பது சித்தாந்த நூல்கள் அறிந்த செய்தியே. சாஸ்திரியார் கைக்கொண்ட முறையும் கணிதமேயன்றி மூடநம்பிக்கையன்று. பூரின் கைவசம் இருந்ததோ ஐரோப்பிய வானாய்வு நிலையங்கள் ஆண்டுதோறும் வானத்தைப் பார்த்துத் திருத்திவந்த முறை. ஒரு பக்கத்தில் நீண்டகாலமாகத் திருத்தப்படாத அட்டவணை. மறுபக்கத்தில் அண்மையில் திருத்தப்பட்ட அட்டவணை. வேறுபாடு அதுவே.

அவ்வாறு திருத்தும் மரபு எங்களிடம் இல்லாமலும் போகவில்லை. கேரளத்தைச் சேர்ந்த பரமேசுவரர் என்ற வானியலாளர் சுமார் 55 ஆண்டுகள் கிரகணங்களையும் கிரகங்களையும் அவதானித்து, பழைய கணிப்புக்கள் கண்ணுக்குத் தெரிவதோடு பொருந்தாமையைக் கண்டு, 1431இல் புதிய கணித முறையொன்றை வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'த்ருக் கணிதம்'. த்ருக் என்றால் பார்வை. கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும் கணிதம் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான 'திருக்கணிதம்' என்ற சொல் இதுதான். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டு பஞ்சாங்கங்களிலும் வேறுபடும்போதெல்லாம் இச்சொல்லைக் கேட்டு வளர்ந்த நானும், அதன் முன்னால் நிற்பது 'திரு' என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது பார்வை என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கு பதிவு செய்வதில் தவறில்லை.

எந்தப் பஞ்சாங்கத்தை எந்தக் கோயில் பின்பற்றுவது என்பது வழிபாட்டு மரபு சார்ந்தது. அதில் தலையிடுவது என் நோக்கமன்று. கற்றலைப் பற்றியே பேசுகின்றேன். கற்றலிலும் ஒரு வாக்கியம் உண்டு. ஒரு திருக்கணிதமும் உண்டு. முன்னோர் கண்டதைச் சுருக்கிப் பிழையின்றி மனத்தில் இருத்துவது வாக்கியம். அவ்வாறு இருத்தியதை உலகத்தோடு ஒப்பிட்டுப் பிழையைத் தேடுவது திருக்கணிதம். முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. மனத்தில் எதுவுமே இல்லாதவன் எதனை எதனோடு ஒப்பிடுவான்? எண்சுவடியையும் நிகண்டையும் மனனம் செய்வித்த திண்ணைப் பள்ளிக்கூடங்களை நான் இகழமாட்டேன். முதலாவதோடு நின்றுவிடுவதைப் பற்றியே எனது கவலை.

வட்டுக்கோட்டை செமினரியின் பிற்கால வரலாறும் இதற்குச் சான்று. ஒப்பிட்டு ஆராயும் பழக்கத்தைக் கற்பித்தவர்கள், அப்பழக்கம் எத்திசையில் செல்லவேண்டும் என்று கட்டளையிட முடியவில்லை. அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவரது ஆசிரியரான கரல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை சைவத்தின் பக்கமே நின்றார். செல்லரித்த ஏட்டுச்சுவடிகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து, ஒன்றையொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களை எடைபோட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஒரே செய்யுள் இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக இருக்கும்போது எது சரியானது என்று காரணம் காட்டித் துணிவதும் அதே திருக்கணிதம்தான். மறுபுறம், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்ற ஆறுமுக நாவலர், பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த அதே பயிற்சியைக் கொண்டு மிஷனரிமாரின் வாதங்களையே ஆராய்ந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் அடுத்த ஆண்டில் அச்சுக்கூடத்தையும் நிறுவினார். செமினரியோ 1855இல் மூடப்பட்டது. மாணவர்கள் மதம் மாறுவதைவிட ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெறுவதிலேயே நாட்டம் கொள்கின்றனர் என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறையாக இருந்தது. சிந்திக்கக் கற்பிப்போர் அனைவரும் ஏற்கவேண்டிய விலை இது. மாணவன் இறுதியில் ஆசிரியரோடு உடன்படாமலும் போகலாம்.

நான் கலைப்பட்டதாரி. வானியல் என் துறையன்று. எனக்குத் திருக்கணிதம் கற்பித்தவர் ஒரு செய்தி ஆசிரியர். நான் எழுதிச்சென்ற முதலாவது செய்தியில், ஒரு விபத்தில் காயமடைந்தோரின் தொகையை, தொலைபேசியில் யாரோ சொன்னபடி குறித்திருந்தேன். அவர் சிவப்பு மையால் அந்த இலக்கத்தைச் சுற்றி வட்டமிட்டு, "கண்டதா, கேட்டதா?" என்று எழுதித் திருப்பித் தந்தார். வைத்தியசாலைக்குச் சென்று எண்ணிப் பார்த்தேன். நான் எழுதியதில் பாதிப்பேர்கூட அங்கு இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகியும் அந்தச் சிவப்பு வட்டம் என் கண்முன்னே நிற்கின்றது. பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் படித்த எனக்கு அந்தக் கேள்வியை அதற்கு முன்னர் யாரும் கேட்டுப் பழக்கியிருக்கவில்லை என்பதே வெட்கத்துக்குரியது.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகாத சமூகத்துக்கு என்ன நேரும் என்பதையும் இந்நாடு கண்டது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறப்பட்ட உணவில் காணப்பட்ட கட்டியொன்று, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அக்காட்சியின் காணொளி கைத்தொலைபேசிகளில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் பெருங்கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக ஊடகங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது மாக்கட்டியே என அறிவித்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை என்று வைத்திய நிபுணர்கள் விளக்கினர். வன்முறையில் தமது தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுத வாசிக்கத் தெரிந்த நாடு இது. 1940களிலேயே இலவசக் கல்வியைப் பெற்ற நாடு. அந்தக் காணொளியைப் பார்த்தோரிலும் பகிர்ந்தோரிலும் விஞ்ஞானம் படித்துப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். இனப்பகை நெடுங்காலமாக ஊறியிருந்தது என்பதும் உண்மையே. வதந்தி வெறும் தீக்குச்சிதான். ஆயினும் "அப்படி ஒரு மாத்திரை உண்டா?" என்ற ஒரே கேள்வி உரிய நேரத்தில் உரிய எண்ணிக்கையானோரின் வாயிலிருந்து வந்திருந்தால், அந்தத் தீக்குச்சி இவ்வளவு விரைவாகப் பற்றியிருக்காது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் வரை கடந்தகால வினாத்தாள்களையே மீண்டும் மீண்டும் செய்வித்து வாக்கியத்தை நன்றாகக் கற்பிக்கின்றோம். திருக்கணிதத்தைக் கற்பிக்காமல் விட்டதன் விலையைச் சில வேளைகளில் உயிர்களால் செலுத்துகின்றோம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கின்றது. கேட்ட மறுகணமே அது கட்டுரை எழுதித் தருகின்றது. ஒரு வகையில் அது புதுச்சேரிக் கணிதரைவிட நூறாயிரம் மடங்கு நினைவாற்றல் கொண்டது. ஆனால் அந்த மனிதர் சோழிகளை எங்கள் கண்முன்னே நகர்த்தினார். எந்தப் படியில் எதைச் செய்தார் என்பதை வாரனால் எழுதிக்கொள்ள முடிந்தது. இந்த இயந்திரம் சோழிகளைக் காட்டுவதில்லை. அடுத்து வரக்கூடிய சொல் எது என்ற கணிப்பின் மேல் அது பேசுவதால், மெய்யையும் பொய்யையும் ஒரே தெளிவோடும் ஒரே பணிவோடும் சொல்லும். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும். அதனைத் தடைசெய்வதால் பயனில்லை. பிள்ளைகள் அதனோடுதான் வாழப்போகின்றார்கள். ஆகவே அது தரும் விடையை முடிவாகக் கொள்ளாமல் ஒரு பஞ்சாங்கக் கணிப்பாகக் கொண்டு, பின்னர் வானத்தைப் பார்க்கப் பழக்கவேண்டும்.

இதற்குப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. எடுத்துக்காட்டாக, மாரிமழைக்கு முன்னர் தன் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம் மார்கழியில் எவ்வளவு உயரும் என்று ஒவ்வொரு மாணவனும் காரணத்தோடு எழுதி வைக்கட்டும். இயந்திரத்திடமும் கேட்டு அதன் விடையையும் அருகில் எழுதட்டும். பின்னர் வாரந்தோறும் கயிறு கட்டி அளக்கட்டும். எவர் கணிப்பும் சரியாக வராது. தன் கிணறும் அயல் வீட்டுக் கிணறும் ஏன் வேறுபடுகின்றன, தோட்டத்துக்கு இறைத்த நாட்களைக் கணக்கில் எடுத்தோமா, கயிறு நனைந்து நீண்டதா என்று தேடும்போதுதான் பாடம் தொடங்குகின்றது. சரியான விடைக்குப் புள்ளி கொடுப்பதுபோலவே, தன் பிழையைத் தானே கண்டுபிடித்து விளக்கியதற்கும் புள்ளி கொடுக்க ஆசிரியர்கள் முன்வரவேண்டும். விளைவு தெரியும் முன்னரே கணிப்பை எழுதி வைப்பதுதான் இதில் முக்கியமானது. 1829இல் பூரும் சாஸ்திரியாரும் அவ்வாறு செய்ததனால்தான் அந்த இரவுக்கு அர்த்தம் இருந்தது. இருவரில் எவரும் பின்னர் வார்த்தையை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

இவற்றையெல்லாம் அன்றிரவு மாடியில் நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. சோழிக் கதையும் வட்டுக்கோட்டைக் கதையும் மட்டுமே சொன்னேன். கதை முடியும்போது சந்திரனின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பையன் கீழே ஓடிச்சென்று கொப்பியும் பேனையும் எடுத்துவந்தான். முழுமையாக மறையும் நேரம், மீண்டும் ஒளி தோன்றும் நேரம் என்று தொலைபேசி சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதினான். மறுபக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

11 மணியளவில் சந்திரன் செம்பு நிறமானது. பையன் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினான். இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தது. வெகுநேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, என்ரை மணிக்கூடு பிழையோ, ஃபோன் பிழையோ, இல்லாட்டி என்ரை கண் பிழையோ?"

நிழலின் விளிம்பு கோடு கிழித்தாற்போல இராது. எங்கள் வளிமண்டலம் அதனை மங்கலாக்கிவிடும். எந்தக் கணத்தில் முழுவதும் மறைந்தது என்று கண்ணால் துணிவது கடினம். இது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உடனே சொல்லவில்லை.

"மூண்டையும் எப்பிடிச் சோதிச்சுப் பாக்கலாம் எண்டு யோசி" என்றேன்.

சந்திரன் மீண்டும் வெளிவர 82 நிமிடங்கள் இருந்தன. அவன் யோசிக்கத் தொடங்கினான்.